ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, வலி மட்டும் நிற்கவில்லை: நரம்பு சோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்சு வலி. மாடி ஏறினால் வருகிறது, சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது. வந்தால் அரை மணி நேரம் கூட இருக்கும். நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரை) வைத்தால் சில சமயம் கேட்கும், பல சமயம் கேட்காது. டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ் என்று சொல்லி ஆஞ்சியோ எடுத்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, கேஸ்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வலி வந்தால் சொல்வதையே அம்மா நிறுத்திவிட்டார். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

இப்போது வேறொரு டாக்டரிடம் போகிறோம். அவர் இது மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனாவாக (இதயத்தின் சிறு ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் வலி) இருக்கலாம் என்று சொல்லி ஹோல்டரும் (24 மணி நேர ஈ.சி.ஜி.) தானியங்கு நரம்பு சோதனையும் (இதயத்தைத் தானாக இயக்கும் நரம்புகளைப் பார்ப்பது) எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் உள்ளவை: 24 மணி நேர எஸ்.டி.என்.என் (துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறும் அளவு) 82 மில்லிசெகண்ட். ஆழ்ந்த மூச்சில் துடிப்பு வித்தியாசம் 9. எழுந்து நிற்கும்போது 30:15 விகிதம் 1.03. எழுந்து நின்றதும் மேல் பிரஷர் 6 குறைந்தது. கையை இறுக்கிப் பிடிக்கும் கைப்பிடி சோதனையில் கீழ் பிரஷர் 18 ஏறியது. கடைசியில் "பாராசிம்பதெடிக் குறைபாடு" என்று எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி கிடையாது.

டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். இதயத்து ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் எல்லோரும் "நரம்புன்னா அப்போ மனசுதான்" என்று பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நைட் டியூட்டி எழுதியது:

இதயப் பிரிவில் மேற்படிப்பில் இருக்கிறேன் சகோதரி. உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு, நான் பின்னணியை மட்டும் சொல்கிறேன்.

ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள்தான். சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவை அந்தப் படத்தில் விழாது. இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சிறு தமனிகள். படம் சுத்தம் என்றால் பெரிய குழாயில் அடைப்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். 1973ல் ஹார்வி கெம்ப் இப்படிப்பட்ட நோயாளிகளை சிண்ட்ரோம் எக்ஸ் என்று குறிப்பிட்டார். 1988ல் அமெரிக்காவில் கேனனும் எப்ஸ்டீனும் மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதுவும் மாதவிடாய் நிற்கிற வயதை ஒட்டியவர்கள். உங்கள் அம்மா சொல்லும் கதை, அதாவது நீண்ட நேர வலி, சார்பிட்ரேட்டுக்குச் சரியாகக் கேட்காதது, டிரெட்மில் பாசிட்டிவ், இந்த நோயில் அடிக்கடி கேட்கிற கதைதான்.

இப்போது நரம்பு. இதயத்துக்கு இரண்டு பக்கமிருந்து நரம்பு வருகிறது. சிம்பதெடிக், அதாவது பரிவு நரம்பு, வேகத்தைக் கூட்டும். வேகஸ், அதாவது பாராசிம்பதெடிக் நரம்பு, குறைக்கும். நரம்பே இல்லாமல் விட்டால் இதயம் நிமிடத்துக்கு 100க்குப் பக்கத்தில் துடிக்கும். ஓய்வில் நமக்கு எழுபது சொச்சம் இருப்பது வேகஸ் பிடித்து வைத்திருப்பதால். அந்தப் பிடி தளர்ந்து பரிவு நரம்பின் கை ஓங்கினால் மூன்று விதத்தில் சிக்கல் வரும்.

பரிவு நரம்பு முனையிலிருந்து வரும் நார்அட்ரினலின், சிறு தமனிகளில் உள்ள ஆல்ஃபா ஏற்பிகளில் பட்டால் குழாய் சுருங்கும். குழாயின் உட்சுவர் ஆரோக்கியமாக இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து அதைச் சமாளித்துவிடும். உட்சுவர் ஏற்கனவே கெட்டிருந்தால் சுருக்கம் ஜெயிக்கும். இது ஒன்று.

அடுத்தது நேரம். இதயத் தசையின் உள் அடுக்குக்கு ரத்தம் போவது பெரும்பாலும் இதயம் தளர்ந்து விரியும் நேரத்தில்தான். துடிப்பு கூடினால் அந்த நேரம்தான் முதலில் குறுகும். லண்டனில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2002ல் வந்தது. சிண்ட்ரோம் எக்ஸ் நோயாளிகளுக்கு அடினோசின் (சிறு குழாய்களை விரிக்கும் மருந்து) கொடுத்தபோது உள் அடுக்கில்தான் ரத்த ஓட்டம் போதவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியம். இதயத்தின் வலிச் செய்தியும் பரிவு நரம்புகளோடு கூடவே ஓடித்தான் தண்டுவடத்துக்குப் போகிறது. அதனால் அந்தப் பாதை கிளர்ந்திருந்தால் ரத்தக் குறைவு சின்னதாக இருந்தாலும் வலி பெரிதாகத் தெரியலாம்.


கேத்லேப்காரன் எழுதியது:

நைட் டியூட்டி டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆஞ்சியோ நடக்கும்போதே இதை அளக்க முடியும். பெரும்பாலும் அளப்பதில்லை, அதுதான் பிரச்சினை. மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, அறை வெப்பத்தில் இருக்கும் சலைனை மூன்று மூன்று மில்லியாகச் செலுத்தி, அது எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்ப்போம். அப்புறம் அடினோசின் ஓடவிட்டு மறுபடி அதையே செய்வோம். ஓய்வில் ஓடியதைவிட எத்தனை மடங்கு கூடியது என்பது ஒரு எண், சிறு குழாய்கள் தரும் எதிர்ப்பு இன்னொரு எண். மடங்கு 2க்குக் கீழே இருந்தாலோ எதிர்ப்பு எண் 25க்கு மேலே போனாலோ சிறு குழாயில் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2 முதல் 2.5 வரை சாம்பல் பகுதி.

அடினோசின் ஓடும்போது நெஞ்சு இறுக்கி மூச்சு முட்டும். "இதே வலிதான் சார், இதேதான்" என்று மேஜையில் படுத்துக்கொண்டே சிலர் அழுதுவிடுவார்கள். வலி கூடி அழுவதில்லை அது.


சரவெடி சங்கர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் முரணாகப் பேச அனுமதியுங்கள். பதற்றம் உள்ளவர்களுக்கும் துடிப்பு மாறுபாடு (எஸ்.டி.என்.என் அளப்பது) குறைவாகத்தான் இருக்கும். வருடக்கணக்கில் வலியோடு வாழ்ந்து, யாரும் நம்பாமல், தூக்கம் கெட்ட ஒரு பெண்ணுக்கு வேகஸ் குறைந்திருந்தால் அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? மருத்துவத்தில் விடை தெரியாத இடத்தில் நரம்பைக் கைகாட்டுவது புதிதில்லை. முன்பு "ஒன்றுமில்லை" என்றார்கள், இப்போது அதையே தசம புள்ளி போட்டுச் சொல்கிறார்கள். நோயாளிக்கு என்ன லாபம்?


நைட் டியூட்டி எழுதியது:

நல்ல கேள்வி சங்கர் சார். பாதி உங்கள் பக்கம்தான் இருக்கிறேன்.

1990களில் லண்டனிலும் இத்தாலியிலும் பல குழுக்கள் இந்த நோயாளிகளிடம் துடிப்பு மாறுபாட்டை அளந்தன. வேகஸ் பக்கம் குறைவு, பரிவு நரம்பின் கை ஓங்கியிருக்கிறது என்றே பலரும் எழுதினார்கள். எல்லோரும் ஒரே விடைக்கு வரவில்லை. 2001ல் இத்தாலியில் இருந்து வந்த ஒரு கட்டுரை தலைப்பிலேயே "சில நோயாளிகளிடம்" என்று கவனமாகச் சொல்லிவிட்டது. அந்த "சில" முக்கியம். இந்த நோயாளிகள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை.

ஆனால் துடிப்பு மாறுபாடு என்பது தூரத்தில் நின்று பார்ப்பது. கிட்டப் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ரோம் நகரில் லான்சா குழுவினர் 1997ல் வெளியிட்டது. எம்.ஐ.பி.ஜி. என்ற பொருளைக் கதிரியக்க அயோடினோடு சேர்த்து ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றுவார்கள். அது நார்அட்ரினலின் மாதிரியே இருப்பதால் இதயத்தில் உள்ள பரிவு நரம்பு முனைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்கேனில் இதயம் ஒளிர வேண்டும். சிண்ட்ரோம் எக்ஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அங்கங்கே ஒளி குறைந்திருந்தது, சிலருக்கு இதயமே கிட்டத்தட்டத் தெரியவில்லை. சிறிய ஆய்வு, பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆனாலும் ஸ்கேனில் நரம்பு முனை பொருளை எடுக்கவில்லை என்றால் அதைக் கற்பனை என்று தள்ள முடியாது.

காரணமா விளைவா என்பதற்கு இந்த ஸ்கேனும் பதில் சொல்லாது. அதை ஒப்புக்கொள்கிறேன். என் கருத்தைக் கேட்டால், ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் நரம்பு சோதனையை வைத்து யாரும் இந்த நோயை உறுதி செய்வதில்லை. உறுதி செய்ய வேண்டியது கேத்லேப் அண்ணன் சொன்ன ஓட்ட அளவு, இல்லையென்றால் பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. போன்றவை.


உடலியல் வாத்தியார் எழுதியது:

மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்துபவன். எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சோதனைகளைத்தான் தினமும் செய்கிறோம், எனவே ரிப்போர்ட்டுக்கு வருகிறேன் அம்மா.

இவை எடின்பரோவில் ஈவிங் என்பவர் சர்க்கரை நோயாளிகளுக்காகத் தொகுத்த சோதனைகள். படுக்கவைத்து ஈ.சி.ஜி. ஓடவிட்டு, ஐந்து விநாடி மூச்சை இழு, ஐந்து விநாடி விடு என்று சொல்வோம். நிமிடத்துக்கு 6 மூச்சு. இழுக்கும்போது துடிப்பு ஏறும், விடும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் 15க்கு மேல் இருந்தால் நல்லது, 10ம் அதற்குக் கீழும் குறைவு. உங்கள் அம்மாவுக்கு 9. ஆனால் அந்த வரம்பு வயதைப் பார்க்காமல் போட்டது. வயது ஏற ஏற இது தானாகவே குறையும். 54 வயதில் 9 என்பது குறைவுதான், பயப்படும் அளவுக்கு இல்லை. பக்கத்தில் நிற்பவர் சரியாகத் தாளம் சொல்லாவிட்டால், நோயாளி அவசரமாக மூச்சு வாங்கினால், இந்த எண் சரிந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

30:15 என்பது, படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் வரும் துடிப்புகளைப் பற்றியது. பதினைந்தாவது துடிப்புப் பக்கம் வேகம் உச்சத்தில் இருக்கும், முப்பதாவது பக்கம் தணியும். 1.04ம் மேலும் இருந்தால் சரி, 1.00ம் கீழும் இருந்தால் கோளாறு. 1.03 நடுவில் நிற்கிறது. பிரஷர் 6 குறைந்ததும் கைப்பிடியில் 18 ஏறியதும் நன்றாக இருக்கின்றன. அவை இரண்டும் பரிவு நரம்பைக் காட்டுபவை. எஸ்.டி.என்.என்னுக்கு 1996ல் ஐரோப்பிய, அமெரிக்க சங்கங்கள் சேர்ந்து கொடுத்த சராசரி 141, கூடக் குறைய 39. அதனுடன் பார்த்தால் 82 கீழேதான்.

ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். சோதனை அன்று அம்மா என்னென்ன மாத்திரை எடுத்திருந்தார்? காலையில் காபி குடித்தாரா?


வைகைக்கரை எழுதியது:

காபி குடித்துவிட்டுத்தான் போனார் சார், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரை: மெட்டோபுரோலால் 25. ராத்திரியில் அமிட்ரிப்டிலின் 10, ஒற்றைத் தலைவலிக்காக முன்பே கொடுத்தது, இப்போதும் போகிறது.


உடலியல் வாத்தியார் எழுதியது:

அமிட்ரிப்டிலினைத்தான் தேடினேன். அது வேகஸின் வேலையை இதயத்தில் தடுக்கும் மருந்து. வாய் வறள்வது, மலச்சிக்கல் எல்லாம் அதே குணத்தால் வருபவை. துடிப்பு மாறுபாட்டையும் அது குறைக்கும். 10 மில்லிகிராம் சின்ன அளவு, முழுப் பழியையும் அதன் மேல் போட மாட்டேன். ஆனால் "பாராசிம்பதெடிக் குறைபாடு" என்று எழுதியவர் இந்த மாத்திரை பெயரையும் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த வரிக்குப் பாதி மதிப்புதான்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.


நைட் டியூட்டி எழுதியது:

வாத்தியார் சார் சொன்னதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1994ல் கேனன் குழு, அடைப்பு இல்லாமல் நெஞ்சு வலி உள்ள 60 பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. அமிட்ரிப்டிலினின் நெருங்கிய சொந்தமான இமிப்ரமின், ராத்திரி 50 மில்லிகிராம். வலி வரும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சராசரியில் மாற்றமே இல்லை. அதாவது வேகஸைக் குறைக்கும் மருந்து வலியையும் குறைத்திருக்கிறது! "வேகஸ் குறைவு, அதனால் வலி" என்று நேர்கோடு போட்டால் இந்த மருந்து வலியைக் கூட்டியிருக்க வேண்டும்.

வலியைக் கடத்தும் பாதையின் உணர்ச்சியை அது மழுங்கடித்திருக்கலாம். இதயத்துக்குள் கம்பி வைத்து லேசாக மின்தூண்டல் கொடுத்தால் இவர்களில் பலருக்கு அவர்களுடைய அதே வலி வரும். மருந்துக்குப் பிறகு அதுவும் குறைந்தது. சங்கர் சார், உங்களுக்காக இன்னொன்று. பலன் கிடைத்ததற்கும் அவர்களுடைய மனநல சோதனை முடிவுக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. பதற்றம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மாதிரிதான்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: நரம்பு சோதனை எண்ணும் வலியும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குழாய் சுருங்குவது ஒரு கணக்கு, துடிப்பின் வேகம் ஒரு கணக்கு, வலி உணர்வது வேறொரு கணக்கு. மூன்றிலும் நரம்புக்குக் கை இருக்கிறது. யாருக்கு எது அதிகம் என்று பார்த்துத்தான் மருந்து.


சரவெடி சங்கர் எழுதியது:

மனநல சோதனையோடு சம்பந்தமில்லை என்ற தகவல் எனக்குப் புதிது. அந்த அளவில் பின்வாங்குகிறேன். காரணமா விளைவா கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.


நெல்லைச்சீமை எழுதியது:

எனக்கு இதே நோய், 49 வயதில் வந்தது. வைகைக்கரை தங்கச்சி, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: வலி நிஜம்தான் என்று சொல்ல ஒரு டாக்டர் கிடைத்ததே பாதி வைத்தியம்.

முதலில் டில்டியாசெம் கொடுத்தார்கள், கால் வீக்கமும் மலச்சிக்கலும்தான் மிச்சம். அப்புறம் நெபிவோலால் மாற்றியதும் நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி இருக்காதாம். நடைப்பயிற்சிதான் எனக்கு மெதுவாகக் கைகொடுத்தது. எடுத்த எடுப்பில் வேகமாக நடந்தால் கண்டிப்பாக வலி வரும். வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஆற அமர நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு வெளியே போனால் வராது. குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றினால் அன்றைக்குக் காலி.

மகன் ஆசையாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். தினமும் எச்.ஆர்.வி. (நீங்கள் பேசும் துடிப்பு மாறுபாடுதான்) என்று ஒரு எண் காட்டும். அது குறைந்த நாளெல்லாம் வலி வருமோ என்று காத்திருந்தே வலியை வரவழைத்துக்கொண்டேன். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.


உடலியல் வாத்தியார் எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. வாட்ச் பெரும்பாலும் மணிக்கட்டில் ஒளி அடித்துத் தூக்கத்தில் கொஞ்ச நேரம் அளப்பது. ஹோல்டரின் 24 மணி நேரக் கணக்கும் அதுவும் ஒன்றல்ல. பல வாட்ச்கள் கணக்கிடும் முறையே வேறு. வாட்சின் 30ஐ ஹோல்டரின் 82உடன் ஒப்பிட்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இந்த இழையை உரக்கப் படித்துக் காட்டினேன். கேத்லேப்காரன் அண்ணன் எழுதிய அந்த மேஜைக் கதையில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார்.

ஒரு கேள்வி. மெட்டோபுரோலால் ஏற்கனவே போகிறது, பலன் சுமார்தான். டாக்டரிடம் என்ன கேட்கலாம்? மறுபடி ஆஞ்சியோ மேஜையில் ஏற்றுவது அவசியமா?


நைட் டியூட்டி எழுதியது:

ஓய்வில் நாடித்துடிப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு போங்கள். மெட்டோபுரோலால், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. 25 மில்லிகிராம் ஆரம்ப அளவுதான். துடிப்பு இன்னும் எண்பதுக்கு மேலே இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டலாம். ரோம் குழுவே இன்னொரு பீட்டா பிளாக்கரான அட்டினோலால், அம்லோடிபின், நைட்ரேட் மூன்றையும் ஒரே நோயாளிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. வலியைத் தெளிவாகக் குறைத்தது அட்டினோலால் மட்டும்தான். அதுவும் பத்துப் பேரில் செய்த சின்னச் சோதனை. பரிவு நரம்பின் கை ஓங்கியவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் பொருந்தும் என்பது நியாயமான ஊகம், குழாய் இழுத்துப் பிடிக்கும் ரகத்துக்கு டில்டியாசெம், அம்லோடிபின் வகை. நிகோராண்டில், ரானோலாசின், ஐவாபிராடின் எல்லாம் அடுத்த வரிசை.

சோதனை அவசியமா என்றால், 2018ல் கிளாஸ்கோவில் இருந்து வந்த கோர்மிகா ஆய்வைச் சொல்வேன். 151 பேர். மேஜையிலேயே சிறு குழாயை அளந்து, அந்த விடையை வைத்து மருந்து கொடுத்தவர்களுக்கு, விடையைச் சொல்லாமல் வழக்கப்படி வைத்தியம் பார்த்தவர்களைவிட ஆறு மாதத்தில் வலித் தொல்லை குறைவாக இருந்தது. 2024ல் ஐரோப்பிய இதயவியல் சங்கமும், மருந்துக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி வலுவாகப் பரிந்துரைத்திருக்கிறது. மருந்தைச் சரிசெய்து சில மாதம் பார்த்துவிட்டு, அப்புறம் மேஜைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம் என்பது என் எண்ணம்.

இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி பிரஷர், கொழுப்பு மாத்திரைகளை யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். அடைப்பில்லாத நெஞ்சு வலி ஆபத்தே இல்லாதது என்ற பழைய நம்பிக்கையை பெண்களின் இதய நோயைப் பற்றிய அமெரிக்காவின் வைஸ் ஆய்வு உடைத்துவிட்டது.


நெறியாளர் எழுதியது:

இடையில் ஒரு வரி. வழக்கத்துக்கு மாறான வலி, வியர்வை, மயக்கம், ஓய்விலும் அடங்காத வலி என்றால் இழையில் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். முன்பு எடுத்த ஆஞ்சியோ சுத்தமாக இருந்தது என்பதற்காக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.


கேத்லேப்காரன் எழுதியது:

மேஜைக்கு வருவதாக முடிவானால் முன்கூட்டியே கேளுங்கள்: சிறு குழாய் அளக்கும் கம்பி அந்த இடத்தில் இருக்கிறதா, அதற்குத் தனியாக எவ்வளவு, காப்பீட்டில் வருமா. எல்லா இடத்திலும் இருக்காது, கம்பி விலையும் கொஞ்சம் கூடுதல். இன்னொன்று, முந்தின நாளிலிருந்து காபி, டீ, கோலா கூடாது. காபியில் உள்ள கஃபீன் அடினோசினை வேலை செய்ய விடாது, அளவு தப்பாக வரும். நரம்பு சோதனைக்கு விட்ட மாதிரி இதற்கும் விட்டுவிடாதீர்கள்.


உடலியல் வாத்தியார் எழுதியது:

நரம்பு சோதனையை மறுபடி எடுக்கச் சொன்னாலும் அதே காபி விதிதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே வரக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி. வந்ததும் கால் மணி நேரம் பேசாமல் படுத்திருக்கச் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலினை நிறுத்தி எடுப்பதா, போய்க்கொண்டிருக்கும்போதே எடுப்பதா என்பதைத் தலைவலி பார்க்கும் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். அந்த மருந்து ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியையும் (இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்) நீட்டக்கூடியது, ரானோலாசினும் அப்படித்தான். எனவே மாத்திரைச் சீட்டு முழுவதையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

குறித்துக்கொண்டேன் சார். காலையில் எழுந்ததும் நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டோம், இன்று 84. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.